தாயம் விழாமல் வெளியே நின்ற சேனாதிபதி

"நான் இப்ப இன்னா பண்ணிகினு கீறேன்? அதச் சொல்லு மொதல்ல."

சரோஜா அக்கா இப்படிக் கேட்டது அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே போட்டிருந்த ஓலைப் பந்தலில். கோணிச் சாக்கை விரித்து நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. பக்கத்து வார்ப்படப் பட்டறையிலிருந்து கருகிய மண் வாசனை. மத்தியான வெயில்.

"நீ கோட்டைக்கு வெளிய நிக்கிறக்கா" என்றேன்.

"நிக்கிறேன், செரி. நேத்தும் நின்னேன். சொம்மா நின்னுகினே கீறதுக்கு நான் இன்னா மைல் கல்லா? குந்தறதுக்கு ஒரு எடம் இல்லியா உன் ராஜ்ஜியத்துல?"

எங்களோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஏழு சுற்று மதிலையும் விவரித்திருப்பேன். வெளியே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் யோசித்ததே இல்லை.

போன வாரம் கதவடைப்பைப் பற்றி எழுதினேன். கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது, செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பெண்கள் அத்தனை பேரும் மெஷினை நிறுத்தியது, மறுநாள் வாசலில் பூட்டுத் தொங்கியது எல்லாம் அதில் வந்துவிட்டது. படித்துவிட்டுச் சிலர் கேட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து என்னதான் செய்தீர்கள் என்று.

ஆபீஸ் ஆட்கள் காரில் வரும்போது கோஷம் போட்டோம். போகும்போது போட்டோம். மிச்ச நேரம் முழுக்கத் தாயம் ஆடினோம், பேன் பார்த்தோம், சண்டை போட்டோம். நான் மட்டும் கூடுதலாக ஒன்று செய்தேன். கதை எழுதக் கற்றுக்கொண்டேன். என் மாயாஜாலக் கதைகளில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அது அந்தச் சாக்கின் மேல் கிடைத்தது. எந்தப் பயிலரங்கத்திலும் கிடைத்ததில்லை. இப்போது என்னையே பயிலரங்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மாலை போடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

"எந்தக் குழந்தை சொல்லிச்சு?"

அப்போது எனக்கு ஒரே கவலைதான். கம்பெனி திறக்குமா என்பதுகூட அதற்கு அடுத்துத்தான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறுவர் வார இதழ். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அதற்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். போனதெல்லாம் திரும்பி வந்தது. அனுப்பிய வேகத்தைவிடத் திரும்பி வரும் வேகம் அதிகம். கதவடைப்பில் பொழுது கிடைத்ததும் ரயிலேறி நேராக ஆபீசுக்கே போய்விட்டேன்.

ஆசிரியர் மேசையில் காகிதத்தைப் பரப்பி மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காகிதமும் யாரோ எழுதிய கதைதான்.

"வசந்திதானே? உங்க கதையெல்லாம் படிச்சிருக்கேன்" என்றார். "இளவரசன் கிளம்பறான். நடுவுல ஒரு பூதம். ஜெயிக்கறான். கல்யாணம். முதல் பாராவிலேயே கடைசிப் பாரா தெரிஞ்சுபோயிடுது. அப்புறம் நடுவுல இருக்கறதை நான் ஏம்மா படிக்கணும்?"

"கொழந்தைங்களுக்கு அதான் சார் புடிக்கும்."

"எந்தக் குழந்தை சொல்லிச்சு?"

எந்தக் குழந்தையையும் நான் கேட்டதில்லை.

கடலையைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றுகொண்டே அவர் சொன்னார். "தீபாவளி கழிச்சு ஒரு தொடர் முடியுது. அந்த இடத்துக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்க. நல்லா இருந்தா போடறேன். இல்லேன்னா இனிமே எனக்கு எதுவுமே அனுப்பாதீங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

படியிறங்கும்போது அழுகையில்லை. கோபம். திரும்பி வரும் ரயிலில் கதவோரம் நின்றபடியே ஒரு கதையை யோசித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அயனம்பாக்கம் ஏரி அந்த வருடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதனால்தானோ என்னவோ, மழைதான் தோன்றியது. ஒரு மந்திரவாதி நாட்டின் மழை முழுவதையும் பிடித்துக் குடத்தில் அடைத்துக் கோட்டைக்குள் வைத்திருக்கிறான். இளவரசன் போய்க் குடத்தை உடைக்கிறான். மழை கொட்டுகிறது.

ஒரே மூச்சில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். பூதத்தை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்திருந்தேன், அவ்வளவுதான். மற்றபடி பழைய குப்பை. எங்கே கெட்டுப்போகிறது என்று எவ்வளவு பார்த்தும் புரியவில்லை.

நீதான் காய்

ஸ்டெல்லா ஆவடிக்காரி. கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் லைனில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய அண்ணனுக்குக் கப்பலில் சமையல் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது என்று ஒரு அட்டைப் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை ஒருநாள் பந்தலுக்குக் கொண்டுவந்தாள்.

மூடியில் இறக்கை வைத்த பல்லி ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு புத்தகம் மட்டும். பாதிப் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. பிரிந்த பக்கங்களைப் படித்துப் படித்து ஸ்டெல்லா சொன்னாள்.

"ஒருத்தி கதை சொல்லணுமாம். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு ஆளா இருக்கணுமாம். நீ இன்னா செய்யறேன்னு நீயேதான் சொல்லுவ. அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா கட்டை உருட்டணும்."

"கட்டம் எங்கடி?" என்றாள் செண்பகம். அம்பத்தூர்ப் பெண், அந்த வருடம்தான் கல்யாணமாகியிருந்தது.

"கட்டம் கெடையாது."

"காயி?"

"நீதான் காயி."

"யாரு ஜெயிக்கிறது?"

ஸ்டெல்லா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "யாரும் ஜெயிக்க மாட்டாங்களாம்."

"அட கஸ்மாலமே" என்றாள் சரோஜா அக்கா. "அப்பால இன்னாத்துக்குமே ஆடறது?"

யாருக்கும் தெரியவில்லை. அதனாலேயே ஆட ஆரம்பித்தோம். கதை சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. குடத்துக் கதை கையில் தயாராக இருந்தது. எனக்கென்ன, சொல்லிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் என்னென்னவோ வடிவத்தில் கட்டைகள் போட்டிருந்தன. பெட்டியில் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் தாயக்கட்டை இருந்தது. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும். இரண்டு, மூன்று, நாலு என்றால் நடக்காது. இதுவரை சரி.

ஆனால் கட்டையோடு அதன் சட்டமும் கூடவே வந்துவிட்டது. தாயத்தில் ஒன்று விழாமல் காய் உள்ளே இறங்காது. அதனால் இதிலும் ஒன்று விழாமல் யாரும் கோட்டைக்குள் நுழையக் கூடாது. யாரும் உட்கார்ந்து இதை முடிவு செய்யவில்லை. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. தாயம் போடாமல் எப்படி உள்ளே போவது?

பல வருடம் கழித்து, இதே இங்கிலீஷ் ஆட்டத்தை ஆடுகிற, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, அப்படி ஒரு ரூலே கிடையாது" என்றான். இல்லையென்றால் நஷ்டம் உனக்குத்தான் என்றேன்.

செண்பகம் இளவரசன். "எனக்கு மீசை வேணும்" என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். ஸ்டெல்லா வைத்தியச்சி. சரோஜா அக்காவுக்குச் சேனாதிபதி வேலை கொடுத்தேன். பாரிவாக்கத்துக்காரி. அவள் அம்மா நடவுக்குப் போனவள். இவள்தான் அந்த வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்த முதல் ஆள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் போகிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். சேனாதிபதிக்கு வேறு யாரைப் போடுவது?

செண்பகத்துக்கு எடுத்த எடுப்பில் தாயம். ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது சுற்றில். சரோஜா அக்காவுக்கு இரண்டு விழுந்தது. மூன்று விழுந்தது. நாலு விழுந்தது. மறுபடியும் இரண்டு. அன்று முழுக்க விழவில்லை. மறுநாளும் விழவில்லை. சேனாதிபதி கோட்டை வாசலிலேயே நின்றாள்.

ஆவடி டிக்கெட்

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டுப் போகிறேன்.

சின்ன வயதில் நாங்கள் குமணன்சாவடியில் குடியிருந்தோம். பெங்களூர் ரோட்டில் பஸ்கள் நிற்கும். கீழே கிடக்கும் பழைய டிக்கெட்டுகளைப் பொறுக்கிவந்து கண்டக்டர் விளையாட்டு விளையாடுவோம். நான்தான் எப்போதும் கண்டக்டர். என் தம்பி பயணி. ஆவடிக்கு டிக்கெட் வாங்குவான். பூந்தமல்லியிலேயே இறங்கிவிடுவான்.

"ஏண்டா எறங்கன? உன் டிக்கெட்டு ஆவடிக்கிடா!"

"எனுக்கு மூத்திரம் வருது."

முதுகில் ஒன்று வைப்பேன். பஸ் என்றால் ஆவடிக்குப் போக வேண்டும், டிக்கெட் வாங்கியவன் கடைசிவரை உட்கார வேண்டும். அதுதான் என் நியாயம். ஆனால் இப்போது யோசித்தால், அந்த விளையாட்டில் என் டிக்கெட், என் விசில், நான் கத்திய ஊர்ப் பேர் எதுவும் மனதில் நிற்கவில்லை. பாதி வழியில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பயணிதான் நிற்கிறான். பஸ்ஸில் ஏறியவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் உடம்பு என்று ஒன்று இருந்தது.

என் இளவரசர்கள் யாரும் வழியில் இறங்கியதில்லை. எல்லாரும் ஆவடிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆவடியிலேயே போய் இறங்கினார்கள்.

கேடயத்தில் ஆப்பம்

"குந்தறதுக்கு ஒரு எடம் இல்லியா" என்று கேட்டாளே, அங்கே விட்டேன்.

"ஒரு கல்லு கீது. குந்திக்கோ" என்றேன்.

"குந்திட்டேன். பசிக்கிது."

"கட்டுச்சோறு இருக்கும்க்கா உன்கிட்ட."

"அது நேத்தே காலி. இன்னிக்கி இன்னா துண்றது?"

"இளவரசன் உள்ள மந்திரவாதியத் தேடிகினு கீறான். நீ சோத்தப் பத்தியே பேசறியேக்கா!"

"அவன் தேடட்டும். அவனுக்குத் தாயம் விய்ந்திச்சி. எனுக்கு விய்ல. நான் இங்க தானே கீணும்?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "என் கைல இன்னா கீது?"

"கத்தி. கேடயம்."

"கேடயம் இரும்பா?"

"இரும்பு."

"குழியாட்டம் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப மல்லாத்திப் போட்டு ஆப்பம் சுட்றேன். காவக்காரனுங்க இத்தினி பேரு நிக்கிறானுங்க இல்ல, அவுனுங்களும் மனுசங்கதானே? துண்ண மாட்டானுங்களா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பிறகு ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். "இந்த நாட்டுல மழையே இல்லன்னியே வசந்தி. மாவு கரைக்கத் தண்ணி?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மழையில்லாத நாடு என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அதே நாட்டில் குதிரைகள் ஓடின, நந்தவனத்தில் பூ பூத்தது, இளவரசன் குளித்துவிட்டுக் கிளம்பினான். ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது அதே யோசனை. கட்டாந்தரையாகக் கிடந்த ஏரிக்கரையில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தார்கள். குடம் காத்திருக்கிறது, ஆள் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தானே தினமும் பார்க்கிறேன்! பிறகு என் ராஜ்ஜியத்தில் ஏன் ஒருத்தியும் வரிசையில் நிற்கவில்லை?

மறுநாள் சொன்னேன். கோட்டைக் காவலர்களுக்குக் கூலியே தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு குவளை. அதில் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஆப்பம் வாங்குகிறார்கள். அதில்தான் அடுத்த நாளைக்கு மாவு.

"ஆங், இது பேச்சு" என்றாள் சரோஜா அக்கா.

எங்களுக்குக் காவல் என்று ஒரு போலீஸ்காரரைப் பந்தலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பல நாளாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"ஏம்மா, அந்தக் குவளைத் தண்ணி எங்கேர்ந்து வருது? குடத்துலேர்ந்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப குடம் ஒடைஞ்சா காவக்காரனுக்குக் கூலி போச்சு. அவன் எப்பிடிம்மா இளவரசனை உள்ள உடுவான்? உயிரே போனாலும் உட மாட்டான்."

சொல்லிவிட்டு லத்தியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கதையில் காவலர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வில்லனின் ஆட்கள், சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு என்று எனக்குச் சொல்ல ஒரு போலீஸ்காரர் வரவேண்டியிருந்தது.

இப்போது இளைஞர்கள் என்னிடம் கையெழுத்துப் பிரதி கொடுக்கிறார்கள். முதல் பக்கத்தில் வரைபடம். இரண்டாம் பக்கத்தில் ராஜ வம்சம், பத்துத் தலைமுறை. அந்த ஊரில் விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். மாயம் என்றால் இஷ்டத்துக்கு நடப்பது என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொய்யைச் சொன்னால் அந்தப் பொய்யால் யாருக்கு அடுப்பு எரிகிறது, யாருக்கு அணைகிறது என்று பார்த்துத் தொலைக்க வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து பார்க்க முடியாது. எழுதுகிறவனுக்கு அவன் நாட்டில் பசிக்காது. வேறு நாலு பேரை உள்ளே விட வேண்டும். தலையாட்டுகிற நண்பர்களை உள்ளே விடாதீர்கள். அவர்கள் பாதி வழியில் எங்கேயும் இறங்க மாட்டார்கள்.

குடத்தை உடைத்தால்

சரோஜா அக்காவுக்குத் தாயம் விழாமலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்கு வேலை அதிகமானது. அவள் கேட்கக் கேட்கக் கோட்டை வாசலில் ஆட்களை உண்டாக்க வேண்டியிருந்தது. பாய் விற்கும் குருடன் வந்தான். பிள்ளையைத் தேடி வந்து காத்திருக்கும் ஒருத்தி வந்தாள். கூலித் தண்ணீரைச் சேர்த்துச் சேர்த்து ஒரு தென்னங்கன்று வளர்க்கிற காவலன் வந்தான். உள்ளே இளவரசனும் வைத்தியச்சியும் ஒவ்வொரு மதிலாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கே அலுப்பாக இருந்தது. வெளியே ஒரு ஊரே உட்கார்ந்துவிட்டது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் செண்பகம் கடைசி மதிலைத் தாண்டிவிட்டாள். குடம் அவள் முன்னால்.

"ஒடைக்கிறேன்!" என்று கட்டையைக் கையில் எடுத்தாள்.

"இரு, இரு" என்று ஸ்டெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதுல எத்தன வருச மழை இருக்குது வசந்தி?"

"நெறைய வருசம்."

"ஒடைச்சா எல்லாம் ஒண்ணா வருமா?"

"வரும்."

"கோட்டைக்கு மதில் கீது. நாங்க தப்பிச்சிக்குவோம். வெளிய அக்கா குந்திகினு கீறாங்களே?"

செண்பகம் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். மீசை வைத்த இளவரசன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் தளும்பியது. "நான் ஒடைக்க மாட்டேன்பா. அந்தக் குருடன் வேற கீறான்."

எனக்குத் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. "அக்கா, நீ உருட்டு. தாயம் விழுந்தா உள்ள வந்துடலாம்."

உருட்டினாள். ஒரு கட்டை வெறுமையாக நின்றது. இன்னொன்று உருண்டுபோய் ஸ்டெல்லாவின் முழங்காலில் இடித்து, ஒற்றைப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றது.

தாயம்! பந்தலே கத்தியது. எதிரே நாற்காலியிலிருந்து போலீஸ்காரரும் எழுந்துவிட்டார்.

"வாக்கா உள்ள!" என்றேன்.

சரோஜா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் வர்ல."

"இன்னாக்கா இது? இத்தினி நாளா இதுக்குத்தானே உருட்டிகினு இருந்த?"

"வர்லன்னா வர்ல. நான் மட்டும் உள்ள பூந்துகினா அதுங்கள்லாம்? எனுக்கு மாவு கரைச்சி வெச்சது அப்பிடியே கீது. நீ போமே."

இளவரசன் உடைக்க மாட்டான். சேனாதிபதி உள்ளே வர மாட்டாள். என் கதை அந்த இடத்தில் நடு ரோட்டில் நின்றது. ஆசிரியர் கொடுத்த ஒரே வாய்ப்பு, அதையும் இவர்கள் சேர்ந்து கெடுக்கிறார்கள் என்று தோன்றியது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். கட்டையை எடுத்துச் சாக்கில் அடித்தேன்.

"கோவத்தப் பாரு இவுளுக்கு" என்றாள் சரோஜா அக்கா, அசையாமல். "கத உன்துதாண்டி. ஆனா அங்க குந்திகினு கீறது நானு."

அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இளவரசனில் ஆரம்பிக்கவில்லை. கோட்டைக்கு வெளியே, ஒரு கல்லில், பசியோடு உட்கார்ந்திருக்கிற சேனாதிபதியில் ஆரம்பித்தேன். பேனா ஓடிய ஓட்டம் எனக்கே புதிது. குருடனின் பேச்சு, காவலனின் பேச்சு எல்லாம் காதில் விழுந்தபடி வந்தது.

"போய் கேட்டுகினு வா"

ஆசிரியர் முதல் நாலு அத்தியாயங்களைப் படித்துவிட்டு "அச்சுக்குப் போகுது" என்றார். வேறு பாராட்டு இல்லை. மிக்சரை என் பக்கம் நகர்த்தினார்.

தொடர் வந்துகொண்டிருக்கும்போதே கம்பெனி திறந்துவிட்டது. டோக்கன் ஒழிந்தது. அது எப்படி நடந்தது என்பது தனிக் கதை. நாங்கள் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். கடைசி அத்தியாயம் மட்டும் எழுதப்படவில்லை.

"இளவரசன் குடத்தை உடைக்கட்டும். எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்காங்க" என்றார் ஆசிரியர்.

"வெளிய இருக்கறவங்க செத்துப்போவாங்க சார்."

"அப்ப எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வாங்க."

"சேனாதிபதி வர மாட்டேன்றா சார்."

"எழுதறது நீங்கதானேம்மா?"

"ஆமா சார். வர மாட்டா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா நானே உட்கார்ந்து எழுதி முடிச்சுடுவேன். உடைச்சுடுவேன், சொல்லிட்டேன்."

செய்வார். செய்யக்கூடியவர்தான். அவர் கையில் என் குருடன் மிதந்து போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சரோஜா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வாட்டி சொல்லு. குடம் அங்க கீது. நீ இங்க கீற. இப்ப இன்னா பண்ற?"

இரண்டு கவளம் தின்றாள். அவசரமே இல்லை.

"உள்ள போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வரமாட்டாள் என்றுதான் ஆசிரியரிடம் அத்தனை வீறாப்பாகப் பேசிவிட்டு வந்திருந்தேன். "அன்னிக்கி வர்லன்னியேக்கா?"

"அன்னிக்கி நீ என்னப் புட்சி உள்ள இஸ்த. உன் கத முடியணும்னு இஸ்த. இன்னிக்கி என்ன யாரும் கூப்டல. நானா போறேன். எனுக்கு ஒரு வேல கீது அங்க."

"இன்னா வேல?"

"அந்தாளு கைல ஒண்ணு கேக்கணும்."

"எந்தாளு?"

"மந்திரவாதிமே. ஏன் நைனா, இம்மாம் மழையப் புட்சி குடத்துல போட்டுகினு குந்திகினு கீறியே, உனுக்கு இன்னா கொறைன்னு கேக்கணும். ஏழு மதிலு தாண்டிப் போனாங்களே அவுங்க ரெண்டு பேரும், அவன் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்த கேட்டாங்களா? நீதான் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அவனுக்கு நீளத் தாடி வைத்தேன், சிவந்த கண் வைத்தேன், மண்டையோட்டு மாலை போட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"செரி" என்று தட்டை வழித்தாள் சரோஜா அக்கா. "நான் கேட்டாச்சி. அவன் இன்னா சொன்னான்?"

"தெரியலக்கா."

"என்னக் கேட்டா? கத சொல்றவ நீ. போய் கேட்டுகினு வா."

சங்கு ஊதியது. கையைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆசிரியர் மேசையில் தாள்களை வைத்தேன். குடத்தை உடைப்பதற்குப் பேனாவோடு தயாராக இருந்தார். படிக்க ஆரம்பித்தார். சேனாதிபதி தானாக எழுந்து, அவள் ஆப்பத்தைத் தின்ற காவலர்கள் வழிவிட, உள்ளே போகிறாள். இளவரசனை நகரச் சொல்கிறாள். குடத்துக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மந்திரவாதியைத் தட்டி எழுப்புகிறாள். கேட்கிறாள். அவன் எழுந்து உட்கார்ந்து, பேச ஆரம்பிக்கிறான்.

ஆசிரியர் கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"மீதி எங்கம்மா?"

"இன்னும் வரல சார். அவன் பேசிகிட்டிருக்கான்."

பேனாவை மூடினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மூஞ்சி, ஆவலை மறைக்கத் தெரியாத பையனின் மூஞ்சி மாதிரி இருந்தது.

"எத்தனை வாரம் பேசுவான்?"

"தெரியாது சார்" என்றேன். "இப்பதான் முதல் தடவையா அவனைக் கேட்டிருக்காங்க."